எங்கள் வீட்டில் ஒழுக்கம் இல்லை

எங்கள் வீட்டில் ஒழுக்கம் இல்லை என்று யாரும் புகார் கொடுக்கவில்லை. நானேதான் எழுதிக் கொடுத்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

படிவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மொத்தம் முப்பது கேள்விகள். நான் சத்தமாகப் படிக்க, அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். பதினான்காவது கேள்வி: "வீட்டில் ஒழுக்கம் உண்டா?"

"பாருக்கா, ஒழுக்குன்னுகூட ஒழுங்கா அச்சடிக்கத் தெரியல இவங்களுக்கு," என்றேன்.

"நல்லாப் பாத்துப் படிடா."

"பாத்துட்டேன். ஒழுக்கமாம். கூரை ஒழுகுதான்னு கேக்கறான், வேற என்ன?"

வீடு கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. மூன்று மழைக்காலத்தையும் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் தாங்கிய கூரை. அந்தப் பெருமையில், "இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை" என்று எழுதினேன். அடுத்த கேள்வி, "இருப்பின் எந்த அறையில்?" என்று கேட்டது. குளியலறைக் குழாய் ஒருமுறை ஒழுகியிருந்தது; பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "முன்பு குளியலறையில் கொஞ்சம் இருந்தது. ஆள் வைத்து அடைத்துவிட்டோம்" என்று எழுதினேன்.

பத்தாம் நாள் வாசல் கதவில் மஞ்சள் பலகை ஒன்றை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். "எண் 147. ஒழுக்கமற்ற வீடு. கண்காணிப்பில் உள்ளது."

நான் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் கேட்டே எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சரியாக ஓடுகிற லிஃப்டைக்கூட முழுசாக நம்ப மாட்டேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு காகிதத்தை நம்பி மோசம் போனேன்.

விஷயம் என்னவென்றால், எங்கள் குடியிருப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. வெள்ளைச் சுவர், சதுர ஜன்னல், தட்டைக் கூரை. மறதிக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றி, டி.வி.யைப் போட்டு உட்கார்ந்து, சோபாவின் நிறத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வருவார்கள். வெளியிலிருந்து ஒரு குழு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கெல்லாம் ஒரு கேரக்டரே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனதாம். உடனே ஒரு வாரியம் வைத்தார்கள். வாரியம் முதல் வேலையாக, கேரக்டருக்குத் தமிழில் என்ன என்று கண்டுபிடிக்க மூன்று பேர் குழு ஒன்றை அமைத்தது. குழு ஒரு வருடம் உட்கார்ந்தது. குணம் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தள்ளினார்கள். இயல்பு என்றால் அது தானாக வந்துவிடும், வாரியத்துக்கு வேலை இருக்காது. ஒழுக்கம் என்றால் யாராவது வந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும். எனவே ஒழுக்கம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆக, வீட்டை அலங்காரம் செய்து அதற்கென்று ஒரு தனித்தன்மை கொண்டுவர வேண்டும், இவ்வளவுதான் கேள்வி. அதைக் கேட்ட விதத்தில்தான் எங்கள் மானம் போனது. சாமான் கொண்டுவருகிறவர்கள் வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் மனைவி எங்கள் பக்கத்து ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான்.

அக்காவிடம் பலகையில் உள்ளதைப் படித்துச் சொன்னபோது அவள் புரையேறும்வரை சிரித்தாள். "சொட்டுகூட இல்லைன்னு எழுதினியேடா பாவி!"

கூடவே வந்த கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றது. தொண்ணூறு நாட்களுக்குள் ஒழுக்கச் சான்றிதழ் பெறாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. நாங்கள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இந்த வீட்டுக்காக நாங்கள் பதினொரு வருடம் வரிசையில் காத்திருந்தவர்கள்.

அக்காவுக்குக் கண் தெரியாது. இருபது வயதில் மங்க ஆரம்பித்து, முப்பதில் முழுசாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியே எங்கே போனாலும் கையில் கோல் உண்டு. வாடகை வீடுகளில் வீட்டுக்குள்ளும் உண்டு, ஏனென்றால் வீட்டுக்காரர்கள் நடையில் எதையாவது போட்டு வைப்பார்கள். அவள் முழங்காலுக்குக் கீழே எப்போதும் கன்றிப்போய் இருக்கும். இங்கே வந்த பிறகு நான் ஹாலின் நடையில் ஒரு துரும்பைக்கூட வைக்கவில்லை. சமையலறை வாசலிலிருந்து சோபாவுக்குப் பதினொரு எட்டு, சோபாவிலிருந்து வாசலுக்கு ஏழு. இரண்டு கையிலும் கொதிக்கிற டீயை எடுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்து வருவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறையும். உலகத்தில் அவள் கோல் இல்லாமல் நடக்கிற ஒரே இடம் இந்த ஹால்தான்.

"மறுபடியும் அடுத்தவங்க வீட்டு நடையில முட்டிக்க என்னால முடியாதுடா," என்றாள். "என்ன கேக்கறாங்களோ செஞ்சுக் குடுத்துரு."

ஒழுக்க ஆய்வாளர் மறுவாரம் வந்தார். நடுத்தர வயது அம்மாள். கையில் அளவு நாடா, கழுத்தில் பூதக்கண்ணாடி. ஹாலுக்குள் வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் சுவரை முகர்ந்து பார்த்தார்.

"சுவரு ஏன் இவ்ளோ சுத்தமா இருக்கு?"

"தொடச்சு வெப்போம் மேடம்."

"அதத்தான் கேக்கறேன். எதைத் தொடச்சீங்க?"

அவர் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "ஏதோ முனகுது," என்றார்.

"ஃப்ரிட்ஜுங்க அது," என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

"இந்த வீட்டுக்குக் கடந்த காலம்னு ஏதாவது இருக்கா?"

"கட்டி மூணு வருஷம்தான் மேடம் ஆகுது."

"அதுக்கு முன்னாடி?"

"காலி மனை."

"காலி மனை..." என்று சந்தேகமாக இழுத்து, அதையும் குறித்துக்கொண்டார். "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு மனுஷன் நல்லவனா இருந்தா அவன் வீட்டுல கொஞ்சமாவது அடைசல் இருக்கும். எங்க அனுபவத்துல வெறும் சுவரைப் பாத்தாலே நாங்க உஷாராயிடுவோம். மறைக்க ஒண்ணுமில்லாதவன் எதுக்குச் சுவரை வெறுமனே விடறான்?"

அக்கா டீயோடு வந்தாள். பதினொரு எட்டு. சோபாவை ஒட்டிய மேசையில் கோப்பையை வைத்தாள். ஆய்வாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்க ஏன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறாங்க?"

"அக்காவுக்குக் கண்ணு தெரியாது மேடம். அதனாலதான் ஹாலை இப்படிக் காலியா வெச்சிருக்கோம்."

அவர் படிவத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே," என்றார். பிறகு ஏதோ எழுதினார். எதையும் தலைகீழாகப் படிப்பது எங்கள் தொழிலில் பழக்கம். "வீட்டார் ஆய்வாளரைப் பார்க்க மறுப்பு" என்று எழுதியிருந்தார்.

பதினைந்து நாளில் நான்கு ஆட்கள் வாரியத்துக் கிடங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கான ஒழுக்கத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆய்வாளர் கூடவே நின்று இறக்கவைத்தார்.

முதலில் ஒரு தூண். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், உடம்பு முழுக்கச் செதுக்கல். அதை ஹாலின் நட்ட நடுவில் நிறுத்தினார்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

"மேடம், இது எதையும் தாங்கலையே?"

"தாங்குற தூணுக்கு ஏது சார் ஒழுக்கம்? அது வேலை பாக்குது, அவ்வளவுதான். வேலையே இல்லாம நிக்குது பாருங்க, அதுதான் தனித்தன்மை."

அவர் இதை என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை. தன் வேலையைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரிதான் பேசினார்.

அடுத்தது படி. தரை ஒரே மட்டமாக இருப்பது மனசை மந்தமாக்குமாம். ஹாலில் பாதியை அடைத்து அரையடி உயரத்துக்குப் பலகை மேடை போட்டார்கள். "நடக்கும்போது காலுக்கு ஒரு யோசனை வரணும்," என்றார். பிறகு சுவரோரமாக ஒரு மரப்பெட்டி வந்தது. இரும்புப் பட்டை அடித்து, பூட்டுப் போட்டிருந்தது. சாவி கேட்டேன். மர்மம் கெட்டுவிடும் என்றார்.

கடைசியாக ஒரு படம். பெரிய மீசை வைத்த மனிதர் ஒருவர் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க இது?"

"உங்க கொள்ளுத்தாத்தா."

"எங்க கொள்ளுத்தாத்தா யாருன்னு எங்களுக்கே தெரியாதே."

"அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

அதே மீசை எதிர்வீட்டிலும் தொங்கியது. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரரும் நானும் பங்காளிகள் ஆகிவிட்டோம். அவர் ஏற்கெனவே முதல் தரம் வாங்கியவர். கடலுக்கும் எங்கள் குடியிருப்புக்கும் எட்டு மணி நேரப் பயணம், ஆனால் அவர் வீட்டு ஹாலில் கப்பல் நங்கூரம் ஒன்று கிடக்கிறது. வாசல் கதவு அதில் இடித்து முழுசாகத் திறக்காது. அவர் ஒருக்களித்துத்தான் வீட்டுக்குள் போவார், வருவார். இரண்டு மாதத்தில் இளைத்தும்விட்டார். அதையும் ஒழுக்கத்தின் பலன் என்று வாரியத்தின் செய்தி மடலில் போட்டிருந்தார்கள்.

பொருள்கள் வந்த மறுநாள் காலை அக்கா டீ எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் நான் சொல்லியிருந்தேன், கையைப் பிடித்துத் தொட்டும் காட்டியிருந்தேன். ஆனால் மூன்று வருடப் பழக்கம் காலில் இருந்தது. ஐந்தாவது எட்டில் மேடை தட்டியது. சாய்ந்தவள் நெற்றி தூணில் போய் மோதியது. டீ முழுக்கக் கையில் கொட்டியது. நான் ஓடிப் போய்த் தூக்கும்போது அவள் வலியென்று சொல்லவில்லை. "கோப்பை ஒடஞ்சிருச்சாடா?" என்றுதான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் வாசலில் மாட்டவேண்டிய கோலை மாட்டவில்லை. தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். சொந்த வீட்டில், டொக் டொக்கென்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழாமலிருக்கக் கொள்ளுத்தாத்தாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளைச் சுவர், இரும்பு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. தலைவர் அகலமான மேசைக்குப் பின்னால் அகலமாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா விழுந்ததைச் சொன்னேன். கையில் கொப்புளம் போட்டதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார்.

"சார்?"

"வீடு அவங்ககிட்டப் பேச ஆரம்பிச்சிருச்சு. மூணு வருஷமா அந்த வீட்டுல ஒரு சம்பவம் நடந்திருக்கா? இப்ப நடந்துச்சுல்ல? எதுவுமே நடக்காத வீட்டுல ஜனங்க நிம்மதியா இருக்காங்க சார். நிம்மதியா இருக்கறவங்களை எப்படி நம்பறது? எங்ககிட்ட ஒரு மனு போட மாட்டாங்க, ஒரு தடவை வந்து நிக்க மாட்டாங்க. நாங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. அது எவ்ளோ பெரிய ஆபத்து, யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன்.

"உங்க ஆபீஸ் சுவரும் வெறுமையாத்தானே சார் இருக்கு?"

அவர் முகம் கறுத்தது. மேசை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "விதி ஏழு. படிங்க. வாரியத்துக்கு ஒழுக்கத்திலிருந்து விலக்கு."

தெளிவாகத்தான் அச்சடித்திருந்தார்கள். எதையும் எடுக்கக்கூடாது, நகர்த்தக்கூடாது, கெடு முடிய இன்னும் அறுபத்தெட்டு நாள், அன்றைக்கு நானே வந்து பார்ப்பேன் என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

அக்கா ஒரு வாரம் கோலோடு நடந்தாள். ஆனால் வீடென்றால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு நடந்தால்தானே வீடு. கோல் ஒரு கையைப் பிடுங்கிக்கொண்டது. அதனால் கோலை விட்டுவிட்டு, சுவரோடு சுவராக, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்கும் வாசலுக்கும் போய்வர ஆரம்பித்தாள். மெதுவாகத்தான். நேராகப் போனால் பதினெட்டு எட்டு, இப்படிச் சுற்றிப் போனால் நாற்பது. "நம்ம வீட்டுலயே நான் விருந்தாளி மாதிரி நடக்கறேன்டா," என்றாள் ஒருநாள்.

நாள் போகப் போக வெள்ளைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு அழுக்குக் கோடு விழுந்தது. சமையல் செய்த கை, எண்ணெய்க் கை, ஈரக் கை. மேடை வரும் இடத்தில் கோடு அரையடி ஏறி, இறங்கியது. பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கரும் திட்டு. அங்கே அவள் நின்று, காலால் துழாவி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி சுவரைப் பிடிப்பாள். தலைவர் வருவதற்கு முந்தின நாள் சோப்பு நீரும் துணியுமாக நான் கிளம்பினேன்.

"என்னடா தேய்க்கறே?"

"உன் கை அழுக்கு, சுவர் முழுக்க இருக்குக்கா. நாளைக்கு அந்த ஆள் பாத்தா வீடு போச்சு."

"போற வீடு அழுக்கோட போகட்டும். விடு," என்றாள். அவள் அப்படிச் சலித்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை.

தலைவர் ஆய்வாளரோடும் அந்த நான்கு ஆட்களோடும் காலை பத்து மணிக்கு வந்தார். ஒழுக்கம் போதவில்லை என்றால் எங்கள் சாமான்களை அன்றைக்கே வெளியே வைப்பதற்குத்தான் ஆட்கள். தூணைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கொள்ளுத்தாத்தாவைப் பார்த்தார், "ஊரெல்லாம் இவர்தான்" என்றார். பிறகு சுவரருகே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். "என் அக்காதான் சார், நாளைக்கே வெள்ளையடிச்சு..."

"வாயை மூடுங்க!" என்றார். குரல் நடுங்கியது. ஆய்வாளரிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிக் கோட்டோடு நடந்தார். "பாருங்கம்மா, இங்க ஏறுது. வாழ்க்கையில மனுஷன் ஏறுறான். இங்க எறங்குது. இந்தத் திட்டுல கலைஞர் தயங்கியிருக்காங்க. என்னமோ ஒரு துக்கம்!"

"அங்க பெட்டி இடிக்கும்," என்றாள் அக்கா.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆய்வாளர் "பெட்டி, துக்கத்தின் குறியீடு" என்று எழுதிக்கொண்டார்.

தலைவர் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்து அதிர்ந்தார். அங்கே கோடு இல்லை. "பாதியில நிக்குதே! இதை முடிச்சாகணும். என் கண்ணு முன்னாலயே முடிக்கணும். ஒழுக்கத்தோட பூர்த்தியை நான் நேர்ல பாக்கணும்." இப்போதுதான் அக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி, இந்த முனையிலேருந்து அந்த முனைவரைக்கும் ஒரே மூச்சில போடணும்."

அக்கா ஆபரேட்டர். எதிர்முனையில் இருப்பவனுக்கு எவ்வளவு அவசரம் என்பது அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும்.

"பெட்டி மறைக்குதுங்களே," என்றாள் பணிவாக.

"எடுத்துருவோம்."

"படி இருந்தா கை தடுமாறும்."

"எடுத்துருவோம்."

"தூணு இருந்தா... மனசு ஓடாதுங்க."

"கலைஞர் கேக்கறாங்க. எல்லாத்தையும் எடுங்கப்பா!"

ஆய்வாளர் குறுக்கே வந்தார். "சார், விதி பத்தொம்பது. சான்றிதழ் வாங்கின வீட்டுலேருந்துதான் வாரியப் பொருளை எடுக்கலாம்."

"அவ்வளவுதானே?" தலைவர் அங்கேயே, அந்தப் பெட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். "எண் 147. இவ்வீட்டில் ஒழுக்கம் முதல் தரத்தில் உள்ளது. நிரந்தரம். திரும்பப் பெற இயலாது." இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நான் அதை இரண்டு தடவை படித்தேன். அச்சுப் பிழை ஏதும் இருக்கிறதா என்று மூன்றாம் தடவையும் படித்தேன்.

ஆட்கள் தூணைப் படுக்கவைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். மேடையைப் பலகை பலகையாகக் கழற்றினார்கள். பெட்டியைத் தூக்கியபோது உள்ளே ஒன்றுமே இல்லை என்பது அதன் கனத்திலேயே தெரிந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவையும் கையோடு கொடுத்தனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஹால் காலி.

தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரோரம் குனிந்து நின்றார். ஆய்வாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "ஆரம்பிங்கம்மா."

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். காலால் தரையை ஒருமுறை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஹாலின் நட்ட நடுவில், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தாள். பதினொன்று. சோபாவருகே லேசாகத் திரும்பி, மறுபடி ஏழு. வாசல் நிலையைத் தொட்டு நின்றவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

"அம்மா," என்றார் தலைவர், இன்னும் குனிந்தபடியே, "சுவரைத் தொடவே இல்லையே. கோடு எங்கம்மா?"

"வழிதான் விட்டுட்டீங்களே சார்," என்றாள் அக்கா. "இனிமே சுவரு எதுக்கு?"

தலைவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.